ஒரு ‘எல்’ எழுத்து இல்லாததால் எழுந்திருக்காத லேப்டாப்

என் மேஜைமேல் இரண்டு ரேம்கள் கிடக்கின்றன. இரண்டும் 4 ஜிபி, இரண்டுக்கும் 204 பின்கள், அதாவது ஸ்லாட்டைத் தொடும் உலோக முனைகள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் அடியில் உள்ள சின்ன வெட்டுகூட அச்சாகப் பொருந்துகிறது. ஸ்டிக்கரில் மட்டும் ஒரு வித்தியாசம். ஒன்றில் ‘பிசி3-12800எஸ்’, மற்றதில் ‘பிசி3எல்-12800எஸ்’.

முதல் ரேமைத்தான் சில வருடங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்து, இன்டெல் 4ஆம் தலைமுறை ப்ராசசர் உள்ள என் லேப்டாப்பில் போட்டேன். பவர் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. ரேமைக் கழற்றினால் லேப்டாப் எழுந்தது, மாட்டினால் மறுபடி கறுப்பு.

அந்த ஸ்டிக்கரை ஒழுங்காகப் படித்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன். 3 என்பது டிடிஆர்3 தலைமுறை. 12800 என்பது நொடிக்கு எத்தனை மெகாபைட் போய்வர முடியும் என்ற கணக்கு: நொடிக்கு 1600 மில்லியன் தடவை, தடவைக்கு 8 பைட். கடைசி எஸ், லேப்டாப்புக்கான சிறிய அளவைக் குறிக்கிறது. நடுவில் வரும் எல்தான் மின்னழுத்தம். சாதாரண டிடிஆர்3 கேட்பது 1.5 வோல்ட், எல் வகைக்கு 1.35 வோல்ட் போதும். என் லேப்டாப் கொடுத்ததே 1.35தான். எல் வகை ரேம் பொதுவாக 1.5 வோல்ட்டிலும் ஓடிவிடும், அதனால் பழைய லேப்டாப்பில் போட்டாலும் பிரச்சினை வராது. மறுபக்கம் அப்படி இல்லை.

அந்த வெட்டு எதற்கு இருக்கிறது? தப்பான தலைமுறை ரேமை யாரும் சொருகிவிடக் கூடாது என்பதற்குத்தான். லேப்டாப் ரேமில் டிடிஆர்4க்கு 260 பின், டிடிஆர்5க்கு 262 பின், வெட்டும் இடம் மாறும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. ஆனால் டிடிஆர்3க்கும் அதன் எல் வகைக்கும் நடுவே அந்தக் காவல் இல்லை. கையில் பொருந்துவதை நம்பி வாங்க முடியாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

கடையில் நான் சொன்னது லேப்டாப் மூடியில் எழுதியிருந்த பெயரை மட்டும்தான். அது ஒரு வரிசையின் பெயர். ஊரில் நாலு முருகேசன் இருந்தால் இனிஷியல் என்ன, எந்தத் தெரு என்று கேட்போம் இல்லையா, அந்த அளவுக்குக்கூட அது போதாது. ஆப்பிளின் 13 அங்குல மேக்புக்கைத் திருப்பினால் அடியில் ஏ1278 என்று பொடி எழுத்தில் இருக்கும். பார்த்தால் துல்லியமான மாடல் எண் போலத்தான் தெரியும். ஆனால் 2008 கடைசியில் வந்த அலுமினிய மேக்புக்கிலிருந்து 2012 நடுவில் வந்த மேக்புக் ப்ரோ வரை எல்லாவற்றுக்கும் அதே எண்தான். அந்த நாலு வருடத்துக்குள் ரேமின் வேகம் 1066, 1333, 1600 என்று இரண்டு முறை மாறிவிட்டது. அதைப் பிரித்துச் சொல்வது, ‘இந்த மேக்கைப் பற்றி’ பகுதியின் சிஸ்டம் ரிப்போர்ட்டில் வரும் மாடல் ஐடென்டிஃபையர். 2008 இயந்திரம் ‘மேக்புக்5,1’ என்று சொல்லும், 2012 இயந்திரம் ‘மேக்புக்ப்ரோ9,2’ என்று சொல்லும்.

லெனோவாவின் திங்க்பேட் லேப்டாப்களிலும் ஒற்றை எழுத்து விளையாடுகிறது. டி480இல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். டி480எஸ்ஸில் ஒரே ஸ்லாட், மீதி ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். இரண்டு ரேம் வாங்கிவிட்டு அதைத் திறந்து பார்ப்பவரின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

சரி, உண்மையான பெயர் எங்கே இருக்கிறது? மதர்போர்டில் பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் முதல் மென்பொருள், இருக்கும் சிப்பில். தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், போர்டின் பெயர் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே அதில் எழுதிவிடுகிறார்கள். பவர் பட்டனை அழுத்தியதும் பயாஸ் அவற்றை எஸ்எம்பயாஸ் என்ற பொது வடிவத்தில் அட்டவணைகளாக நினைவகத்தில் போட்டு வைக்கிறது. முழு இயந்திரத்துக்கு ஓர் அட்டவணை, போர்டுக்கு ஒன்று, ஒவ்வொரு ரேம் இடத்துக்கும் ஒன்று. விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் வரும் சிஸ்டம் மாடல் அங்கிருந்துதான் வருகிறது. லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை அந்த அட்டவணைகளை அப்படியே கொட்டிக் காட்டும்.

கடையில் அசெம்பிள் செய்த கணினியில் மாடல் இருக்க வேண்டிய இடத்தில் பல நேரம் ‘டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.’ என்று வரும். தயாரிப்பாளர் நிரப்பிக்கொள்ளட்டும் என்று போர்டு நிறுவனம் விட்ட இடம் அது, யாரும் நிரப்பவில்லை. பயப்பட ஒன்றுமில்லை. அங்கே மதர்போர்டின் பெயர்தான் மாடல், அதே பக்கத்தில் பேஸ்போர்டு என்ற வரியில் அது இருக்கும்.

டெல் கணினியின் சர்வீஸ் டேக் எனக்கு மிகவும் பிடித்தது. ஏழே இடம், எண்களும் எழுத்துகளும் கலந்தது. உண்மையில் அது 36 குறிகளால் எழுதிய ஓர் எண். 0 முதல் 9 வரை வழக்கம்போல், அப்புறம் ஏ என்றால் 10, பி என்றால் 11, இசட் என்றால் 35. அந்த முறையில் ‘10’ என்று எழுதினால் பத்து இல்லை, முப்பத்தாறு. ஏழு இடத்துக்குள் சுமார் 7,836 கோடி எண்கள் அடங்கும். பக்கத்தில் நீளமாக இருக்கும் எக்ஸ்பிரஸ் சர்வீஸ் கோடு, அதே எண்ணை நமக்குப் பழகிய பத்தடிமான முறையில் எழுதியதுதான். டெல் தளத்தில் அதைக் கொடுத்தால், உங்கள் கணினி தொழிற்சாலையிலிருந்து எந்தெந்தப் பாகங்களோடு கிளம்பியது என்பது வரை பார்க்கலாம்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் என்றால் அடியில் உள்ள ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். உடைந்த அடிமூடிக்குப் பதில் வேறொரு லேப்டாப்பின் மூடியை மாட்டியிருக்கலாம். ஸ்டிக்கர் சொல்வதும் சிப் சொல்வதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மாறினால் சிப் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மூடியைத் திறந்து போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள்.

எஸ்எஸ்டி வாங்குபவர்களுக்கும் இதே கதைதான். லேப்டாப்பில் எஸ்எஸ்டியைச் சொருகும் எம்.2 ஸ்லாட்டில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. சில லேப்டாப்களின் ஸ்லாட் இதில் ஒன்றை மட்டுமே ஏற்கும். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242க்கு மட்டும் இடம் விட்ட லேப்டாப்பில் அது உட்காராது.

ரேமுக்குத் திரும்புவோம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று வரும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் அந்த ரேம் போர்டில் பற்றவைத்தது, கழற்ற முடியாது. ‘எஸ்ஓடிம்’ என்று இருந்தால் பெரும்பாலும் கழற்றலாம். ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்ற குட்டிச் சிப் ஒன்று தனியாக இருக்கிறது. தன் அளவு, வேகம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்திருக்கும். கணினி எழும்போது பயாஸ் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் ரேமை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்கிறது. வேகம் மாறுபட்ட இரண்டைப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்தால், ஏற்கெனவே உள்ள ரேமின் பார்ட் நம்பரும் மின்னழுத்தமும் அப்படியே தெரியும்.

அந்தப் பக்கத்தில் 1.35 வோல்ட் என்று பார்த்த பிறகுதான் நான் இரண்டாவது ரேமை வாங்கினேன். ஸ்லாட்டில் சாய்வாகச் சொருகி, மெல்ல அழுத்தியதும் இரு பக்கக் கொக்கியும் ‘டக்’ என்று பிடித்துக்கொண்டன. பவர் பட்டனை அழுத்தினேன். டாஸ்க் மேனேஜரில் 8.0 ஜிபி, ஸ்லாட் 2இல் 2.