காட்டாற்று மீனுக்குப் படிவம் பி

நீலகிரியில் ஓர் இருளர் பெரியவரின் வலையைப் பிடுங்கிக்கொண்டு, "காப்பகத்துக்குள்ள மீன் பிடிக்கவே கூடாது" என்று விரட்டியதைப் பார்த்தவன் நான். தாத்தா காலத்திலிருந்து அந்த மடுவில்தான் பிடிக்கிறார்கள். கையில் காகிதம் இல்லை, அதுதான் குற்றம்.

வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(1)(டி): மீனும் மற்ற நீர்நிலைப் பொருள்களும் சமூக உரிமை. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எல்லாவற்றிலும் செல்லும். பின்னணி இவ்வளவு போதும்.

இந்த உரிமையைக் கேட்டு மனு போடப் படிவம் பி. படிவம் ஏ நிலத்துக்கானது. அதை நீட்டி "எழுதிக் குடுங்க, எல்லாம் வந்துடும்" என்பார்கள், வராது. படிவம் பி-யிலும் ஒரு கண்ணி உண்டு. தேன், கடுக்காய் என்று எழுதிவிட்டு, மீனுக்கும் நீர்நிலைக்கும் உள்ள இடத்தைக் காலியாக விடுகிறார்கள். ஆறு, மடு, மீன் பிடிக்கும் மாதம் வரை எழுதுங்கள். எழுதாததை எந்த அலுவலகமும் தேடிவந்து தராது.

மனுவை முடிவு செய்யும் கிராம சபைக் கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப் பேர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பெரிய ஊராட்சி முழுவதையும் கூட்டினால் இந்தக் கணக்கு எங்கே எட்டும்? குடியிருப்பு அளவில் கூட்டச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

"பழைய ஆவணம் கொண்டா" என்பது அடுத்த அலைக்கழிப்பு. இந்தச் சட்டத்தின் விதி 13-ன்படி ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருந்தால் சரி. பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலமும் அதில் சேரும். ஆனால் சொல்பவர் மனுதாரராக இருக்கக் கூடாது. பக்கத்து ஊர்ப் பெரியவரைப் பிடியுங்கள்.

மனுவில் சொன்ன இடத்தை நேரில் பார்க்கும் களச் சரிபார்ப்புக்கு அதிகாரிகள் வராமல் இருந்துவிட்டு, பிறகு "நாங்க இல்லையே" என்று ஆட்சேபிப்பது பழைய கதை. விதிகளின் 2012 திருத்தம் இதற்கு வழி செய்திருக்கிறது: மனு சபைக்கே திரும்பும், மறுபடியும் வராவிட்டால் களச் சரிபார்ப்பில் சபை முடிவே இறுதி. இதெல்லாம் அழைப்புக் கடிதத்துக்கு ஒப்புகை வைத்திருந்தால்தான்.

கோட்டாட்சியர் தலைமையிலான குழு நிராகரிக்கப் பரிந்துரைத்தால் மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும், காரணத்தோடு. மாவட்டக் குழுவுக்கு மேல்மனு போட 60 நாள். கவுன்டரில் "கேன்சல் ஆயிடுச்சு" என்று சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது ஏன் அவசரம் என்றால், மோயாற்றில் வாழும் திமில் மஹ்சீர் கெண்டை 2018-ல் உலகச் சிவப்புப் பட்டியலில் மிக அபாய நிலைக்குப் போனது. ஆய்வாளர்கள் வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்த ஆய்வைக் காட்டியே ஆற்றை மூட வரலாம். சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் உரிமையில் கைவைக்க வேண்டுமானால், பிரிவு 4(2)-ன்படி முதலில் எல்லா உரிமைகளையும் தீர்த்திருக்க வேண்டும், மீளாத சேதம் என்று நிறுவ வேண்டும், கிராம சபை எழுத்தில் சம்மதிக்க வேண்டும். உரிமைப் பட்டயம் இல்லாத ஊரிடம் யார் வந்து சம்மதம் கேட்பார்கள்?

வெடித் தோட்டா, விஷம் போட்டு மீன் பிடிக்கும் பக்கம் போகவே வேண்டாம். ஒருவர் ஒரு நாள் போட்டாலும், ஊர் மனுவுக்கு எதிராக அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். மஹ்சீர் வலையில் விழுந்தால் உயிரோடு விட்டுவிடுங்கள். அப்படி ஒரு தீர்மானத்தையும் சபையில் எழுதி மனுவோடு சேருங்கள்.