குமுளி ரோடு அடைபட்டால்

எங்கள் பெரியப்பா வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி. விடிகாலை கம்பம் ஊரில் ஜீப் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அவர் திடீரென்று பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் விழித்திருந்தார். உப்புப் போட்ட சோற்றில் மறுபடி உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்தார். திரும்பக் குடிக்கிறார் என்று எல்லோரும் திட்டினோம். குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது அவருக்கு. அது இன்னும் உறுத்துகிறது.

டாக்டர் இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொன்னார். கை நிற்கவில்லை. கோழி இறக்கை அடிப்பதுபோல் தொய்ந்து தொய்ந்து எழுந்தது. “மூளையில ஒண்ணுமில்லம்மா, ஈரல்தான் காரணம்” என்றார் பெரியம்மாவிடம்.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் வரும். நிமிடத்துக்குச் சுமார் 1.5 லிட்டர் ரத்தம் ஈரலுக்குள் நுழைகிறது. அதில் முக்கால் பங்கு இந்த வழியாக வருவது. சர்க்கரையைச் சேமிப்பது, பித்தநீர் சுரப்பது, ரத்தம் உறையவும் ரத்தத்தின் நீர் குழாயைவிட்டுக் கசியாமல் இருக்கவும் தேவையான புரதங்களைச் செய்வது எல்லாம் ஈரலின் வேலை. புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியா மூளைக்கு நஞ்சு. அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் போகவிடுவதும் ஈரல்தான்.

ஆண்டுக்கணக்கில் குடித்தாலும், ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் தங்கினாலும், சர்க்கரை நோயோடு ஈரலில் கொழுப்பு படிந்தாலும் அந்தச் சதை தழும்பேறி இறுகுகிறது. ஈரலின் உட்சதைக்கு வலி தெரியாது. அதனால் நமக்கும் தெரிவதில்லை. குமுளி மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகள் கம்பம்மெட்டு வழியாகத் திரும்பும் அல்லவா? இறுகிய ஈரலில் வழி அடைபட்ட ரத்தமும் அப்படியே பக்கவழி தேடுகிறது. உணவுக்குழாயின் அடியிலுள்ள மெல்லிய சிரைகள் புடைத்து, வெடித்தால் ரத்த வாந்தி. வயிற்றில் நீர் கோக்கிறது. கண் மஞ்சளாகிறது. ஈரலுக்குள் நுழையாமலே சுற்றிப்போன ரத்தம் அம்மோனியாவோடு மூளைக்குப் போய்ச் சேர்கிறது. பெரியப்பாவின் குழப்பம் அங்கிருந்து வந்ததுதான்.

அவருக்குக் கொடுத்தது லாக்டுலோஸ் என்ற இனிப்பு சிரப். சிறுகுடலில் செரிக்காத சர்க்கரை இது. பெருங்குடல் பாக்டீரியா இதைப் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அந்தப் புளிப்பில் அம்மோனியா உறிஞ்சப்பட முடியாத வடிவத்துக்கு மாறி மலத்தோடு வெளியேறுகிறது. தினம் இரண்டு மூன்று முறை வயிறு போக வேண்டும். இரண்டு நாள் மலச்சிக்கல் வந்தாலே பேச்சு மறுபடி குழறிவிடுகிறது.

புரதம்தானே வினை என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்திவைத்திருந்தோம். தவறு. தசையும் அம்மோனியாவைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தசை கரைந்தால் நிலைமை மோசமாகும். இறுகிய ஈரலில் ராத்திரிக்கான சர்க்கரை இருப்பும் குறைவு. வெறும் வயிற்றில் படுத்தால் விடிவதற்குள் உடம்பு தன் தசையையே தின்னத் தொடங்கிவிடும். அதனால் படுக்கும் முன் பெரியம்மா அவருக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் அவலும் கொடுக்கிறார்.