பதிவிறக்கம் அன்று, இறக்குதல்

“இசைப் பதிவிறக்கத்தால் பதிவுத் துறை நலிந்தது” என்னும் வகை வாக்கியம் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. தருமபுரியில் பதிவுத் துறை என்றால் பத்திரம் பதியும் துறை. வில்லங்கச் சான்றுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தவர் எவரும் அச்சொல்லைப் பாட்டு வெளியிடும் தொழிலோடு சேர்த்துப் பார்க்க மாட்டார். ‘இசை வெளியீட்டுத் தொழில்’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் தீரும். ‘பதிவிறக்கம்’ உண்டாக்கும் குழப்பமோ அவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

மூலச்சொல்லின் கதை சிறியது. பெரிய கணினி மேலே இருப்பதாகவும் அதோடு இணைந்த சிறு கருவி கீழே இருப்பதாகவும் கொண்டு, மேலிருந்து கீழே கோப்பைக் கொணர்வதை ‘டவுன்லோடு’ என்றும் கீழிருந்து மேலே அனுப்புவதை ‘அப்லோடு’ என்றும் கணினியாளர் வழங்கினர். ஏற்று, இறக்கு என்னும் இரட்டை தமிழில் என்றும் இருப்பது. ‘நெட்டிலிருந்து பாட்டு இறக்கினேன்’ என்று பேசுகிறவருக்கு அகராதி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த ‘இறக்கு’ என்பதன் முன்னே ‘பதிவு’ எதற்கு? இறங்கும் கோப்பு கருவியில் பதிந்துவிடுகிறது, அதைக் குறிக்கவே அது வந்தது என்பர் இச்சொல்லை ஆதரிப்போர். பிற துறைகளில் இதை ஓரளவு ஏற்கலாம். இசையைப் பற்றிப் பேசும்போது ஏற்க முடியாது. பாடகர் பாடியதைக் கூடத்தில் பிடித்து வைப்பது ஒலிப்பதிவு. கச்சேரியை அப்படியே பிடித்தது நேரடிப் பதிவு. காசெட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெற்று நாடாவில் நாம் பிடித்து வாங்கி வந்ததும் பதிவுதான். இத்தனை பதிவுகளுக்கு நடுவே ‘பதிவிறக்கம்’ வரும்போது, பதிந்த பாட்டு இறங்குகிறதா, இறங்கிய பாட்டு பதிகிறதா என்று படிப்பவர் தயங்கி நிற்கிறார்.

இலக்கணமும் இச்சொல்லுக்குத் துணை நிற்கவில்லை. மயங்கு, கலங்கு, தயங்கு என்னும் தன்வினைகளிலிருந்து மயக்கம், கலக்கம், தயக்கம் வருவதைப் போல, இறங்கு என்பதிலிருந்து வருவது இறக்கம். அது தானே இறங்குவதன் பெயர். எங்கள் பக்கத்தில் இறக்கம் என்றாலே தொப்பூர் கணவாய்ச் சாலைதான் நினைவுக்கு வரும். ஒருவர் தாமே விரும்பித் தெரிந்தெடுத்துக் கொண்டுவரும் செயலை அப்பெயர் சுட்டுவதில்லை. ஆகவே ‘பதிவிறக்கம் செய்’ என்று இன்னொரு வினையை ஒட்டவைக்க நேர்கிறது. ‘இறக்கு’ என்னும் ஒரே வினை முடித்துவிடும் வேலைக்கு மூன்று சொற்கள். நேராக நிற்கும் வினையைப் பெயராக்கி, அதன் பின்னே ‘செய்’ சேர்க்கும் இவ்வழக்கம் இன்றைய மொழிபெயர்ப்பு நடையைப் பிடித்த பெரும் நோய். பகிர்வு செய், தேர்வு செய், பதிவேற்றம் செய் என்று அது நாள்தோறும் பரவுகிறது.

ஈழத்தமிழர் மிகுதியாக வழங்கும் ‘தரவிறக்கம்’ இதைவிட மேல். ஆயினும் பாட்டைப் பற்றி எழுதுகையில் அதுவும் எனக்கு உவப்பில்லை. கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் ‘தரவு’ என்று பெயர் இருப்பது ஒரு காரணம். கேட்பவர் தரவை விரும்பி இறக்குவதில்லை, பாட்டையே விரும்பி இறக்குகிறார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

‘இறக்குதல்’ மீதும் ஒரு தடை உண்டு. லாரியிலிருந்து மூட்டையை இறக்கினால் லாரியில் மூட்டை இராது. பாட்டை இறக்கினாலோ மூலம் குறையாமல் அங்கேயே இருக்கும். இத்தடை சரியானது. இசைத்தொழில் பற்றிய வாதங்களுக்கெல்லாம் வேரும் இதுவே. 1999 ஜூனில் தொடங்கிய நாப்ஸ்டர் என்னும் இணையச் சேவை வழியே இரசிகர்கள் ஒருவர் கோப்பை மற்றவர் இறக்கிக்கொண்டார்கள். நீதிமன்ற ஆணையால் 2001 ஜூலையில் அச்சேவை நின்றது. அமெரிக்க இசை வெளியீட்டுத் தொழிலின் வருவாய் 1999இல் ஏறத்தாழ 1,460 கோடி டாலராக இருந்து, 2014இல் அதில் பாதிக்கும் கீழே போனது. ஆனால் இறக்கப்பட்ட ஒவ்வொரு பாட்டும் விற்காமல் போன ஓர் இசைத்தட்டு ஆகாது. இலவசமாக இறக்கியவர் காசு கொடுத்தும் வாங்கியிருப்பாரா என்பதே கேள்வி. விற்பனையில் கணிசமான பாதிப்பு தென்படவில்லை என்று பொருளியலாளர்களான ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ஃப் இருவரும் 2007இல் எழுதினர். மற்றொரு பொருளியலாளர் லீபோவிட்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார். 2003இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் என்னும் இணையக் கடை ஒரு பாட்டை 99 சென்டுக்கு விற்கத் தொடங்கியபின், பிடித்த ஒன்றுக்காக முழுத் தட்டையும் வாங்கும் வழக்கமே தளர்ந்தது. அது விலை கொடுத்து இறக்குதல். இதையும் இலவசமாக இறக்குவதையும் ஒரே ‘பதிவிறக்கத்தில்’ அடைத்தால், வாங்கும் வழக்கம் எதனால் மாறியது என்பதே மறைந்துபோகிறது.

‘இசைத் திருட்டு’ என்று எழுதினால் அது இன்னும் பிழை. தமிழில் அது ஒருவர் மெட்டை மற்றவர் எடுத்தாள்வதைக் குறிக்கிறது. ‘உரிமம் இன்றி இறக்குதல்’ என்பதே தெளிவு.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து செல்போன் கடைகளில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று எழுதியிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். “அண்ணா, எஸ்பிபி பாட்டா ஏத்திக் குடுங்க” என்று கேட்டால், கடைக்காரர் கார்டைக் கணினியில் செருகி, கோப்புறை கோப்புறையாக நகலெடுத்துக் கொடுப்பார். இறக்கியவர் அவர் ஒருவர், ஏற்றிக்கொண்டவர்கள் ஊரார். காசெட் வாங்குவதை இங்கே நிறுத்திய பலர் எதையும் இறக்கியவர்கள் அல்லர். இந்த வேறுபாட்டைக் கடைப்பலகை சரியாகச் சொன்னது, ‘பதிவிறக்கம்’ சொல்லாது.

இப்போதோ, இணையத்தில் நேரடியாகக் கேட்பதையும் ‘பதிவிறக்கம்’ என்றே சிலர் பெயர்க்கிறார்கள். அதில் கோப்பு கேட்பவர் உடைமையாவதில்லை. சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். 2015க்குப் பிறகு உலக இசைத்தொழிலின் வருவாய் மீண்டும் ஏறியது இந்தச் சந்தாக்களால்தான், அதே காலத்தில் விலை கொடுத்து இறக்குதல் தேய்ந்துவந்தது.