மைக்ரோகிரிட்: குறு மின்தொகுப்பு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஒரு கல்லூரிக் கூரையில் சோலார் தகடு ஏறி, கீழே பேட்டரி அலமாரி வந்துவிட்டால் அதை மைக்ரோகிரிட் என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மைக்ரோகிரிட் ஆகாது. மின்னை உண்டாக்கும் கருவி, சேமிக்கும் கருவி, செலவழிக்கும் சுமை ஆகிய மூன்றும் ஒரே கட்டுப்பாட்டின் கீழ் வர வேண்டும், கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் லைனோடு சேர்ந்தும் ஓட வேண்டும். லைன் போனால் அறுத்துக்கொண்டு தனியாகவும் ஓட வேண்டும். இந்தக் கடைசித் திறமை இல்லாதது வெறும் கூரைச் சோலார்தான்.

மைக்ரோ என்பது கிரேக்கத்தில் 'சிறிய' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கிரிட்டின் வழி நீளமானது. கம்பி இழுத்த இரும்புச் சுடுதட்டுக்கு ஆங்கிலத்தில் கிரிடயர்ன் என்று பெயர். அதன் குறுக்கம் கிரிட். அதற்கும் மூலம் லத்தீனில் கிராட்டிஸ், அதாவது பின்னிய தட்டி. பிரிட்டனில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு முழுதும் உயரழுத்தக் கம்பிகளால் மின்நிலையங்களை இணைத்தபோது, கிரிட் மின்துறையில் நிலைத்துவிட்டது. நம் தென்மண்டலம் 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்ற மின்தொகுப்போடு இணைந்தது. கோபாலபுரத்தில் கேரள, தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மின்வாரியம் வேறு, அலைவெண் (ஃப்ரீக்வென்சி) ஒன்று. மைக்ரோகிரிட் என்ற சொல்லை இன்றைய பொருளில் பரப்பியவை அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் லாசெட்டர் 2002-இல் எழுதிய கட்டுரைகள்.

தமிழில் நுண்மின் வலை, நுண்மின் தொகுப்பு என்றெல்லாம் எழுதுகிறார்கள். 'நுண்மின்' என்று சேர்த்தவுடன் நுண்மையானது மின்சாரம் என்று ஆகிவிடுகிறது. இங்கே சிறியது தொகுப்பு. 'வலை' கம்பியை மட்டும் காட்டும். நாளிதழ்கள் 'மத்திய மின் தொகுப்பு' என்று ஏற்கெனவே எழுதுகின்றன. அரசாணைகளில் குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்னும்போது மைக்ரோவுக்குக் குறுதான். ஆகவே குறு மின்தொகுப்பு. லைனை விட்டுப் பிரிந்து ஓடும் நிலைக்குத் 'தனித்தியக்கம்' போதும். ஆங்கில 'ஐலாண்டிங்'கை அப்படியே 'தீவாதல்' என்றால் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா எலெக்ட்ரீஷியனுக்குப் புரியாது.

வழக்கமான சோலார் இன்வெர்ட்டர் லைனின் அலையைப் பின்பற்றி ஓடுவது. லைன் போனால் இரண்டு நொடிக்குள் அதுவும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. எனவே நடுப்பகல் வெயிலிலும் கரண்ட் போனால் கூரைத் தகடு உதவாது. தனித்தியக்கத்துக்குத் தானே 50 ஹெர்ட்ஸ் அலையை உருவாக்கும் பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றும், லைனிலிருந்து வளாகத்தைப் பிரிக்கும் மாற்றுச் சுவிட்ச் ஒன்றும் கட்டாயம்.

அளவைக் கணக்கிட மொத்த வளாகத்தையும் எடுக்காதீர்கள். நிற்கவே கூடாத சுமைகளை மட்டும் தனிப் பலகைக்கு மாற்றுங்கள்: ஆய்வகக் குளிர்பெட்டி, சர்வர், விடுதி விளக்கு, குடிநீர் பம்ப். அது 12 கிலோவாட், 4 மணி நேரம் ஓட வேண்டும் என்றால் 48 யூனிட். லித்தியம் பேட்டரியில் 80 சதவீதமே இறக்குவோம், வழியில் 10 சதவீதம் போகும். ஆக 67 யூனிட். பழகப் பழகக் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும் என்பதையும் சேர்த்தால் 83 யூனிட் பேட்டரி வாங்க வேண்டும். கூரையில் 40 கிலோவாட் இருந்தாலும் பேட்டரி இன்வெர்ட்டர் 15 கிலோவாட் என்றால், ஏறத்தாழ 15 கிலோவாட் தகட்டை மட்டும் தனித்தியங்கும் பக்கம் சேருங்கள். மிச்சம் லைன் பக்கமே இருக்கட்டும்.

இதை மீறினால் என்ன ஆகும்? பேட்டரி நிறைந்து, சுமை குறைந்தால் மிஞ்சும் மின்சாரம் போக இடமில்லை. அப்போது பேட்டரி இன்வெர்ட்டர் அலைவெண்ணை 51 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றும். அதைக் கண்டு சோலார் இன்வெர்ட்டர்கள் படிப்படியாக உற்பத்தியைக் குறைக்க வேண்டும். அந்த அமைப்பைப் போடாமல் விட்டால் எல்லாம் ஒன்றாக நின்று, சில நிமிடம் கழித்து ஒன்றாக ஏறி, மறுபடி நிற்கும்.

இன்னொரு தொல்லை பம்ப். 5 குதிரைத்திறன் மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப் போல் ஆறு மடங்கு இழுக்கும். 30 கிலோவோல்ட் ஆம்பியரைத் தாண்டும். 15 கிலோவாட் இன்வெர்ட்டர் அங்கேயே விழுந்துவிடும். மோட்டாரை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ வேகக்கட்டுப்பாட்டு டிரைவோ போடாமல் பம்பை இந்தப் பலகையில் சேர்க்கக் கூடாது.

அதைவிட ஆபத்தானது கண்ணில் படாது. மாற்றுச் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்துப் பிரித்தால் டிரான்ஸ்ஃபார்மரில் இருந்த நிலத்தொடர்பு (எர்த்) அறுந்துவிடும். தனித்தியக்கத்தில் நியூட்ரலை நிலத்தோடு இணைக்கும் ரிலே இல்லாவிட்டால் மின்கசிவு வந்தாலும் அதைக் கண்டு துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. சுவிட்ச் விழாது. ஒப்படைக்கும் நாளில் இதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பாலக்காட்டு மார்ச், ஏப்ரலில் தகட்டின் வெப்பம் 65 பாகை செல்சியஸைத் தொடும், 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.35 சதவீதம் வீதம் 14 சதவீத உற்பத்தி போகும். பேட்டரிக்கு அந்தச் சூடு ஆயுளையே குறைக்கும், எனவே தகரக் கூரை அறையில் வைக்காதீர்கள். கணவாய்க் காற்றுக்குத் தகட்டுச் சட்டத்தின் நங்கூரம் கணக்கிட்டுப் போட்டதாக இருக்க வேண்டும். ஜூன், ஜூலையில் எருத்தேம்பதிப் பக்கம் மழை குறைவாக இருந்தாலும் மேகம் குறைவதில்லை. அந்த மாதங்களில் பேட்டரியை லைனிலிருந்தும் நிரப்பும்படி கட்டுப்பாட்டை அமையுங்கள்.

லைன் திரும்பி வந்ததும் உடனே சேர்த்துவிடக் கூடாது. மின்னழுத்தம், அலைவெண், அலைக்கோணம் (ஃபேஸ்) மூன்றும் இருபுறமும் பொருந்தும்வரை சுவிட்ச் காத்திருக்க வேண்டும். சில நிமிடம் லைன் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும்.