ரீஃப் டேங்க்ல எதை ஊத்தணும், எதை ஊத்தக்கூடாது

ரீஃப் டேங்க், அதாவது வீட்டுல உப்புத்தண்ணியில கோரல் (பவளம்) வளர்க்கற தொட்டி, அதுக்கு மெயின்டெனன்ஸ் பண்ணிக் குடுக்கறதுதான் என் தொழில். புதுசா ஒரு டேங்க்கை எடுத்துக்கும்போது கோரலைப் பாக்கறதுக்கு முன்னாடி கீழ இருக்கற கேபினெட் கதவைத் திறந்து பாத்துருவேன். கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், அயோடின், அமினோ ஆசிட், கலர் ஏத்தறதுக்குன்னு ஒண்ணு, பிஹெச் ஏத்தறதுக்கு ஒரு பவுடர்னு வரிசையா பாட்டில் நிக்கும், ஆனா ஆல்கலினிட்டி டெஸ்ட் கிட் மட்டும் இருக்காது, இருந்தாலும் எக்ஸ்பைரி தேதி தாண்டிப் போயிருக்கும். பாக்கவே கஷ்டமா இருக்கும், ஏன்னா அந்த ஓனர் அக்கறை இல்லாதவர் இல்ல, கோரல் மேல இருக்கற ஆசையிலதான் இத்தனையும் காசு போட்டு வாங்கியிருக்கார், அந்த ஊத்தல்லயே கோரல் போயிருது.

அதனால முதல்லயே சொல்லிடறேன், உங்களால அளந்து பாக்க முடியாத எதையும் டேங்க்ல ஊத்தாதீங்க. அளக்க முடிஞ்சதுலயும் குறைஞ்சிருந்தா மட்டும்தான் ஊத்தணும்.

கல் மாதிரி எலும்புக்கூடு கட்டற கோரல், அதாவது அக்ரோபோரா, மான்டிபோரா, யூஃபில்லியா வகையறா, தண்ணியில இருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்து கால்சியம் கார்பனேட்டா மாத்துது. பாறை மேல ஊதா கலர்ல படர்ற கோரலைன் ஆல்கியும் அதே வேலையைத்தான் செய்யுது. இந்த பைகார்பனேட் கையிருப்பைத்தான் நாம ஆல்கலினிட்டின்னு அளக்கறோம். இயற்கையான கடல்தண்ணி 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு) உப்புல இருக்கும்போது கால்சியம் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்துல 420 பங்கு), மெக்னீசியம் 1300 பிபிஎம் கிட்ட, ஆல்கலினிட்டி 7 டிகேஹெச் (ஆல்கலினிட்டியை அளக்கற அலகு) பக்கம் இருக்கும். வீட்டு டேங்க்ல கால்சியம் 400ல இருந்து 450, மெக்னீசியம் 1250ல இருந்து 1350, ஆல்கலினிட்டி 7ல இருந்து 9க்குள்ள எங்கயாவது ஒரு இடத்துல நின்னா போதும். எந்த இடம்ங்கறதை விட, அது அங்கயே நிக்குதாங்கறதுதான் முக்கியம். 7.5ல நிலையா இருக்கற டேங்க்ல அக்ரோபோரா ஜம்முனு வளரும், ஒரு வாரம் 7 அடுத்த வாரம் 10ன்னு ஆடற டேங்க்ல அதே கோரல் அடியில இருந்து தோல் உரிய ஆரம்பிச்சுரும்.

ஆல்கலினிட்டியை ஏன் இப்படிப் பிடிச்சுத் தொங்கறேன்னு கேப்பீங்க. கோரல் 2.8 டிகேஹெச் ஆல்கலினிட்டியைத் தின்னா கூடவே எடுத்துக்கற கால்சியம் வெறும் 20 பிபிஎம்தான். 8.5ல இருந்த ஆல்கலினிட்டி 5.7க்கு இறங்கற அளவுக்குப் போனாலும் கால்சியம் 430ல இருந்து 410 ஆகியிருக்கும், அவ்ளோதான், நம்ம டெஸ்ட் கிட்ல அது சாதாரண தப்பு அளவுக்குள்ளயே வந்துரும். கால்சியம் மட்டும் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு நெனைக்கறவங்க டேங்க்ல கோரல் பட்டினி கிடக்கறது இப்படித்தான்.

டெஸ்ட் பண்றதுல ஒரு விஷயம் பொறுமையா பாருங்க. கிட்டோட வர்ற குட்டி கிளாஸ்ல டேங்க் தண்ணி எடுத்து இண்டிகேட்டர் விட்டதும் நீலப்பச்சையா இருக்கும் (கம்பெனிக்குக் கம்பெனி கலர் கொஞ்சம் மாறும்), சிரிஞ்சுல இருந்து ஒவ்வொரு சொட்டா விட்டு ஆட்டிக்கிட்டே வந்தா ஒரு கட்டத்துல சொட்டு விழுந்த இடத்துல மட்டும் ரோஸ் கலர் வந்து ஆட்டினதும் மறையும், அது முடிவு இல்ல, ஆட்டின பிறகும் மொத்தத் தண்ணியும் கலர் மாறி நிக்கற சொட்டுதான் கணக்கு. சிரிஞ்சு முனையில காத்துக் குமிழ் இருந்தா பிஸ்டனோட கருப்பு ரப்பர் இருக்கற இடத்தைப் பாத்துப் படிக்கணும், திரவம் இருக்கற இடத்தை இல்ல. எப்பவும் ஒரே கிட், ஒரே வெளிச்சம், ஒரே நேரத்துல பண்ணுங்க, அப்பதான் நேத்தையும் இன்னைக்கையும் ஒப்பிட முடியும்.

அதுக்கும் முன்னாடி உப்பு. உப்பு அளவு 35க்குப் பதிலா 32ல இருந்தா கால்சியம் 420 தானாவே 384 ஆயிரும், மெக்னீசியம் 1300 கிட்டத்தட்ட 1190 ஆயிரும். இதைக் கவனிக்காம கால்சியம் குறைஞ்சிருக்குன்னு பாட்டிலைத் திறந்தா, பின்னாடி உப்பைச் சரி பண்ணும்போது எல்லாமே மேல போய் நிக்கும். உப்பு அளக்கற ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி கேலிப்ரேஷன் திரவம் வச்சு சரி பாருங்க, ஆர்ஓ தண்ணியில சைபர் வச்சா மட்டும் 35 கிட்ட சரியா காட்டும்னு நம்ப முடியாது. முள் ஆடற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்ல ஒரு குமிழ் ஒட்டினாலே ரீடிங் மாறிரும்.

சரி, எவ்ளோ ஊத்தணும்? லேபிள்ல போட்டிருக்கற "வாரம் இவ்ளோ மில்லி"ங்கறது உங்க டேங்க்கைப் பாத்து எழுதினது இல்ல. ரெண்டு நாள் எதுவும் ஊத்தாம, தண்ணியும் மாத்தாம இருங்க. முதல் நாள் சாயங்காலம் ஆல்கலினிட்டி 8.5, மூணாவது நாள் அதே நேரம் 7.9ன்னா ஒரு நாளைக்கு 0.3 போகுதுன்னு அர்த்தம். பாறை, மணல் கழிச்சு சம்ப் (டேங்க்கோட சேத்த ஃபில்டர் தொட்டி) தண்ணி சேத்து உண்மையான தண்ணி 200 லிட்டர்னு வச்சுப்போம். 200 லிட்டர்ல 1 டிகேஹெச் ஏத்த சுமார் 6 கிராம் சோடியம் பைகார்பனேட் வேணும், அப்போ தினம் 1.8 கிராம். அதுக்கு ஈடா கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் தினம் சுமார் 1.6 கிராம். கடையில அழகான பாட்டில்ல டூ பார்ட்னு விக்கறதுல பெரும்பாலும் உள்ள இருக்கறது இந்த ரெண்டு உப்பு வகையறாதான். சமையல் சோடா வாங்கும்போது பேக்கிங் பவுடர் வாங்கிடாதீங்க, அது வேற, அதுல ஆசிட் உப்பும் மாவும் கலந்திருக்கும்.

ஏற்கனவே ரொம்ப இறங்கியிருந்தா ஒரே நாள்ல ஏத்த வேண்டாம். ஒரு நாளைக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல தாண்டாதீங்க, அதையும் ரெண்டு மூணு தடவையா பிரிச்சு விடுங்க. மெக்னீசியம் குறைஞ்சிருந்தா நாளைக்கு 100 பிபிஎம்க்குள்ள.

கால்சியமும் ஆல்கலினிட்டியும் ஒரே இடத்துல அடுத்தடுத்து ஊத்தினா என்ன ஆகும்னு நிறைய பேர் கண்ணால பாத்திருப்பாங்க, தண்ணி பால் கலந்த மாதிரி ஆகி வெள்ளைத் துகள் பறக்கும். அது கால்சியம் கார்பனேட், கோரல் கட்ட வேண்டியது தண்ணியிலயே கட்டி விழுது. ஹீட்டர் மேலயும் ரிட்டர்ன் பம்ப் இம்பெல்லர் மேலயும் ஒட்டி அதுங்களையும் கெடுக்கும். அப்படி ஆனதும் பயந்துபோய் ஆல்கலினிட்டி குறைஞ்சிருச்சேன்னு இன்னும் ஊத்தினா இன்னும் விழும், ஏன்னா மிதக்கற ஒவ்வொரு துகளும் அடுத்த படிகம் வளர இடம் குடுக்குது. கையைக் கட்டிட்டு இருங்க, ஒரு நாள் போகட்டும், தெளிஞ்ச பிறகு அளந்து பாருங்க. ரெண்டையும் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு, நல்லா தண்ணி ஓடற இடத்துல, மெதுவா விட்டா இந்தப் பிரச்சினையே வராது.

எவ்ளோ ஊத்தினாலும் கால்சியமும் ஆல்கலினிட்டியும் நிக்கவே மாட்டேங்குதுன்னா மெக்னீசியத்தைப் பாருங்க. கடல்தண்ணியில கால்சியம் கார்பனேட் கரையற அளவுக்கு மேலதான் எப்பவும் இருக்கு, அது கட்டியாகி விழாம தடுக்கறதுல மெக்னீசியத்துக்குப் பெரிய பங்கு, வளர்ற படிக முகத்துல போய் உக்காந்து வளர்ச்சியை நிறுத்திரும். இது மெதுவாத்தான் குறையும், மாசம் ஒரு தடவை பாத்தா போதும்.

இப்போ பிஹெச். அதிகமான டேங்க்குங்க கெடறது இங்கதான்னு என் தொழில்ல பாத்துட்டே வர்றேன். மீட்டர் 7.8 காட்டுது, உடனே பிஹெச் பஃபர் பவுடர், சாயங்காலம் 8.2 ஆகுது, மறுநாள் காலையில திரும்ப 7.8, திரும்பப் பவுடர். பத்து நாள்ல ஆல்கலினிட்டி 13, 14ல நிக்கும், பிஹெச் மட்டும் அதே இடம். காரணம் பெரும்பாலும் மூடின ரூம்ல சேர்ற கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிளாஸ் டேங்க் தண்ணியை வெளிய திறந்தவெளிக்கு எடுத்துட்டுப் போய் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் விட்டு அளந்து பாருங்க, பிஹெச் ஏறிருச்சுன்னா குத்தம் தண்ணியில இல்ல, ரூம் காத்துல. ஜன்னலைத் திறங்க, இல்ல ஸ்கிம்மர் (காத்துக் குமிழ் நுரையில அழுக்கைப் பிரிக்கற கருவி) காத்துக் குழாயை வெளிய இருந்து இழுக்கற மாதிரி பண்ணுங்க. இன்னொண்ணு, லைட் அணைஞ்ச பிறகு பிஹெச் இறங்கி விடிகாலையில கீழ இருக்கறது இயற்கை, 7.9ல இருந்து 8.3 வரைக்கும் ஆடினா அதைத் துரத்த வேண்டாம்.

ஸ்ட்ரான்ஷியம், அயோடின், இரும்பு, கலர் பாட்டில் எல்லாம் தேவையான்னு கேட்டா, தவறாம தண்ணி மாத்தற சாதாரண டேங்க்குக்குத் தேவையில்லைங்கறதுதான் என் கருத்து. நல்ல சால்ட் மிக்ஸ்ல இதெல்லாம் இருக்கு. கடல்தண்ணியில அயோடின் மொத்தமே 0.06 பிபிஎம் கிட்டதான், சொட்டுக் கணக்குல கூடினாலே பல மடங்கு ஆயிரும். அக்ரோபோரா நெருக்கமா வளர்ற டேங்க்கா இருந்து உண்மையிலேயே குறையுதோன்னு சந்தேகம் வந்தா லேபுக்கு அனுப்பற ஐசிபி டெஸ்ட் பண்ணிட்டு, ரிப்போர்ட்ல குறைஞ்சதை மட்டும் போடுங்க. சாஃப்ட் கோரல் (கல் மாதிரி எலும்புக்கூடு கட்டாத வகை) மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தினாலே எல்லாம் முடிஞ்சுது, டோசிங்கே வேண்டாம்.

அந்தத் தண்ணி மாத்தறதையும் அளந்துதான் பண்ணணும். சில சால்ட் மிக்ஸ் கலக்கினதும் 8 டிகேஹெச், சிலது 12. உங்க டேங்க் 7.5ல இருக்கும்போது 12 இருக்கற தண்ணியை கால்வாசி மாத்தினா ஒரே மணி நேரத்துல 8.6 ஆயிரும். நைட்ரேட், பாஸ்பேட் சுத்தமா சைபர்ல இருக்கற டேங்க்ல இந்த மாதிரி ஏத்தம் வந்தா அக்ரோபோரா நுனி கருகினதை நான் நிறையவே பாத்திருக்கேன். நைட்ரேட் சைபர்னு பெருமைப்படாதீங்க, கோரலுக்கும் சாப்பாடு வேணும், ரெண்டும் சைபரா இருந்தா டைனோஃபிளாஜெல்லேட்ங்கற நுண்ணுயிர் வந்து மணல் மேல பழுப்புக் கோழையா படரும், அதை விரட்டறது பெரும்பாடு.

கால்க்வாசர் பத்தி சுருக்கமா: கால்சியம் ஹைட்ராக்சைடு, லிட்டருக்கு ஒண்ணரை ரெண்டு கிராம்தான் கரையும், கால்சியமும் ஆல்கலினிட்டியும் சரியான விகிதத்துல குடுக்கும், பிஹெச்சும் கொஞ்சம் ஏறும், எனக்குப் பிடிச்ச முறை. ஆனா அந்தத் தண்ணியோட பிஹெச் 12க்கு மேல, கையில கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி போடாம கலக்காதீங்க. ஆவியாகற தண்ணிக்கு ஈடா இதை டாப் அப்ல விடும்போது, அந்த சென்சார் மாட்டிக்கிட்டு ஒரே ராத்திரியில மொத்தமும் உள்ள போனா காலையில டேங்க் மிச்சம் இருக்காது, அதனால ஒரு தடவை முழுசும் கொட்டினாலும் டேங்க் தாங்கற அளவுக்கு மட்டும் கலக்கி வைங்க. டோசிங் பம்ப்புக்கும் இதேதான், பெரிய கேன் வைக்காதீங்க, அது நிஜமா எத்தனை மில்லி தள்ளுதுன்னு மாசம் ஒரு தடவை அளவு ஜாடியில பிடிச்சுப் பாருங்க.

கோரல் வெளுக்குது, சதை விலகுதுன்னா முதல்ல உப்பு, டெம்பரேச்சர், ஆல்கலினிட்டி மூணையும் அளந்து நோட்டுல எழுதுங்க, அதுவரைக்கும் ஓடிட்டு இருக்கற சப்ளிமெண்ட் எல்லாத்தையும் நிறுத்திட்டு, ஆல்கலினிட்டி மட்டும் எப்பவும் போற அளவுல போகட்டும். யார்கிட்ட உதவி கேட்டாலும் போட்டோவோட அந்த நம்பரையும், கடைசி பதினஞ்சு நாள்ல தண்ணியில புதுசா என்ன போட்டீங்கங்கறதையும் சேத்துச் சொல்லுங்க, போட்டோவை மட்டும் பாத்துட்டு இந்த பாட்டில் வாங்குன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க.