லெம்னேட்டம்: கொங்குத் தமிழில் பாசிக்காடு

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விளைகிற நிலம் மஞ்சக்காடு. சோளம் போட்டால் சோளக்காடு, பனை நின்றால் பனங்காடு. கொங்கில் காடு என்று சொல்ல யானை வேண்டியதில்லை. ஒன்றே நிறைந்து நின்றால் போதும்.

லத்தீனில் இந்த வேலையைச் செய்கிற விகுதி '-ஏட்டம்'. குவெர்கஸ் என்றால் ஓக் மரம், குவெர்சேட்டம் என்றால் ஓக் தோப்பு. தாவரவியலாளர் பிரான்-பிளாங்கே வகுத்த முறையில் தாவரக் கூட்டங்களுக்குப் பெயர் வைப்பதும் இந்த விகுதியால்தான். லெம்னா, கிரேக்கர்கள் ஒரு நீர்ச்செடிக்குச் சொன்ன பெயர். 1753இல் லின்னேயஸ் அதை, நீரில் பச்சையாக மிதக்கும் ஒரு சிறு செடியின் பேரினப் பெயராக்கினார். லெம்னா நிறைந்த கூட்டம் லெம்னேட்டம். கூட்டங்களைச் சேர்த்துப் பெரிய பிரிவுகளாக்கி மேலே போகப் போக விகுதி மாறும்: -இயோன், அப்புறம் -எட்டாலியா, உச்சியில் வகுப்புக்கு -எட்டியா. மண்ணில் வேர் பிடிக்காமல் மிதக்கும் நன்னீர்ச் செடிகளின் வகுப்பு லெம்னேட்டியா. தாவரவியலாளர்கள் போலோஸ், மாஸ்க்லான்ஸ் இருவரும் 1955இல் வைத்த பெயர். அல்லியும் தாமரையும் இதில் சேராது. இலை மிதந்தாலும் கிழங்கு சேற்றில் கிடக்கிறது.

தோட்டத்துத் தண்ணித்தொட்டியில் பச்சையாகப் படர்ந்திருப்பதை ஒரு கை அள்ளிப் பாருங்கள். அடியில் ஒற்றை வேர் தொங்கினால் லெம்னா. கொத்தாகத் தொங்கினால் ஸ்பைரோடெலா. வேரே இல்லாமல் ரவை மாதிரி விரலில் ஒட்டினால் உல்ஃபியா. பூக்கும் செடிகளிலேயே மிகச் சிறியது அதுதான். எது எதோடு சேர்ந்து வருகிறது என்று பல இடங்களில் எழுதி ஒப்பிட்ட பிறகே கூட்டத்துக்குப் பெயர் வைப்பார்கள்.

சரி, தமிழில்? 'மிதவை' என்பதை, நீரோட்டத்தோடு மிதக்கும் நுண்ணுயிர்களான பிளாங்க்டனுக்குக் கொடுத்தாயிற்று. பாசிக்காடு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பாசி என்றால் ஆல்கா அல்லவா, லெம்னா பூக்கும் செடியாயிற்றே என்று கேட்கலாம். பாடநூல் அப்படித்தான் பிரிக்கிறது. ஆனால் குறுந்தொகை 399இல் பரணர் காட்டும் கேணிப் பாசி, தொடத் தொட விலகி, விட விடப் பரவுகிறது. கல்லில் ஒட்டிய வழுக்குப்பாசி அப்படி விலகாது, மிதப்பதுதான் விலகும். இந்தச் சொல்லில் மிதக்கும் செடிக்கும் பழைய உரிமை இருக்கிறது.

இதே வழியில், பிஸ்டியா என்கிற ஆகாயத்தாமரை நிறைந்த பிஸ்டியேட்டம் ஆகாயத்தாமரைக்காடு ஆகும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கோவைக் குளங்களை மூடும் ஊதாப் பூச்செடியையும் பலர் ஆகாயத்தாமரை என்றே சொல்கிறார்கள். அது வேறு செடி. அதற்கு வெங்காயத்தாமரை என்ற பெயர் இருக்கிறது; அது நிறைந்த குளத்தை வெங்காயத்தாமரைக்காடு என்றே எழுதுவோம்.