படத்தில் சிவப்பு ஏன் கறுப்பாக விழுந்தது?

முதல் உலகப் போர்க்கால விமானத் தளம் ஒன்றை 1/48 அளவில் டயோரமாவாக, அதாவது சிறு மாடல்களைக் கொண்ட காட்சியமைப்பாகச் செய்துகொண்டிருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "அந்தக் காலத்துப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைதானே? எந்த விமானத்துக்கு என்ன நிறம் என்று எப்படித் தெரியும்? குத்துமதிப்பாக அடிக்கிறீர்களா?"

குத்துமதிப்பு இல்லை. ஆனால் விடை நேராகப் படத்திலும் இல்லை. 1917-ல் எடுத்த படத்தைப் பார்த்து நிறம் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் படத்தைப் பதிவு செய்த பிலிமுக்கு எந்த நிறங்கள் தெரியும், எவை தெரியாது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

டயோரமாவின் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் ஃபோக்கர் டிஆர்.1 மூவிறக்கை விமானத்தின் நிஜ இறக்கை அகலம் 7.19 மீட்டர். 48-ஆல் வகுத்தால் 15 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். நிஜத்தில் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழுகம்பி இந்த அளவில் 0.08 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடி. 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று மாடலைப் பார்ப்பது நிஜ விமானத்தை 14.4 மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பதற்குச் சமம். இடையில் இருக்கும் காற்று நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்யும் என்பதால் பெயின்ட்டில் துளி வெள்ளை கலப்பவர்கள் உண்டு. அப்புறம் சேறு, கான்வாஸ் கொட்டகை, பெட்ரோல் டின்கள். என்ஜினுக்குப் பின்னால் எண்ணெய்க் கறையும் கட்டாயம் வேண்டும். அன்றைய சுழல் என்ஜின்களுக்கு விளக்கெண்ணெய்தான் மசகு. பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எரியாத எண்ணெய் வெளியே தெறித்து விமானத்தின் வயிற்றையெல்லாம் நனைத்துவிடும்.

சரி, நிறத்துக்கு வருவோம்.

பிரிட்டிஷ் விமானங்களின் இறக்கையில் வட்டச் சின்னம் ஒன்று இருக்கும்: வெளியே நீலம், நடுவில் வெள்ளை, உள்ளே சிவப்பு. நம் கண்ணுக்கு நீலம்தான் அடர்ந்த நிறம். ஆனால் அந்தக் காலப் படங்கள் பலவற்றில் நீல வளையம் வெளிறி, பக்கத்து வெள்ளையோடு கலந்தேவிடுகிறது. நடுச் சிவப்போ தார் பூசியதுபோலக் கறுத்துக் கிடக்கிறது. பிரெஞ்சுச் சின்னம் இதற்கு நேர் எதிர், சிவப்பு வெளியே, நீலம் உள்ளே. அங்கே வெளி வளையம் கறுக்கிறது. நீல வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. மஞ்சளும் பல படங்களில் கறுப்பை ஒட்டி விழுகிறது.

காரணம் வெள்ளி புரோமைடு. அன்றைய கண்ணாடித் தகட்டிலும் சுருள் பிலிமிலும் ஜெலட்டினுக்குள் இதன் நுண்படிகங்கள் விரவியிருக்கும். ஒளித்துகள் ஒன்று, அதாவது ஒரு ஃபோட்டான், படிகத்தைத் தாக்கினால் அங்கே கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரான் விடுபடும். அது படிகத்தில் உள்ள ஒரு குறைபாட்டுப் புள்ளியில் போய் மாட்டிக்கொள்ளும். அலைந்து திரியும் வெள்ளி அயனி ஒன்று அங்கு வந்து அந்த எலக்ட்ரானைப் பெற்று வெள்ளி அணுவாகும். இப்படி நான்கு அணுக்கள் அளவுக்கு ஒரே இடத்தில் சேர்ந்தாலே போதும். பிறகு டெவலப்பர் கரைசலில் போடும்போது அந்த நான்கைப் பிடித்துக்கொண்டு படிகம் முழுவதும், கோடிக்கணக்கான அணுக்களோடு, கறுப்பு வெள்ளியாக மாறிவிடும். நான்கு அணுக்கள் தொடங்கிவைப்பதைக் கோடிக்கணக்கான அணுக்கள் முடித்துவைக்கும் இந்தப் பெருக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஆனால் எலக்ட்ரானை விடுவிக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. வெள்ளி புரோமைடுக்கு அது சுமார் 2.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு இது). நீல ஒளியின் ஃபோட்டானிடம் அது இருக்கிறது. சிவப்பு ஃபோட்டானிடம் இருப்பதோ 2-க்கும் குறைவு. மாமரத்தில் உயரத்தில் தொங்கும் பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கல் எட்டினால்தான் பழம் விழும். எட்டாத கல்லை ஆயிரம் முறை எறிந்தாலும் ஒன்றும் ஆகாது. சிவப்பு ஒளியை எவ்வளவு கொட்டினாலும் தகடு சும்மா இருப்பது இதனால்தான். இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் இதே காரணத்தால்தான். எனவே சிவப்புப் பரப்பிலிருந்து வரும் ஒளி, தகட்டைப் பொறுத்தவரை, வராத ஒளி. அந்த இடத்தில் தகடு கறுக்காது. தகட்டிலிருந்து காகிதத்தில் அச்சிடும்போது கறுப்பும் வெள்ளையும் தலைகீழாகும் என்பதால், அங்கே படம் கறுப்பு.

1873-ல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற வேதியியலாளர் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார். அவரிடம் இருந்த சில தகடுகள் பச்சை ஒளியையும் பதிவு செய்தன. பதியக்கூடாத நிறம் அது. தகட்டின் பின்புறம் பட்டு ஒளி திரும்பி வந்து படத்தைக் கெடுக்காமல் இருக்க, தயாரித்தவர் அதில் ஒரு சாயத்தைக் கலந்திருந்தார். அந்தச் சாயம்தான் இந்த வேலையைச் செய்கிறது என்று ஃபோகல் கண்டுபிடித்தார்.

சாயம் என்ன செய்கிறது? பச்சை ஃபோட்டானின் ஆற்றலை அது கூட்டிக் கொடுக்கவில்லை. படிகத்தின் மேல் ஒட்டியிருக்கும் சாய மூலக்கூறு அந்த ஃபோட்டானைத் தானே விழுங்குகிறது. மூலக்கூறின் எலக்ட்ரான் ஏற்கெனவே, படிகத்தின் எலக்ட்ரானைவிட உயரமான ஆற்றல் நிலையில் இருக்கிறது. தரையில் நின்று எறிந்தால் எட்டாத கல், பாதி உயரத்தில் ஒரு பரண் கட்டி அங்கிருந்து எறிந்தால் எட்டிவிடும் இல்லையா? சாயம் அந்தப் பரண். பச்சை ஒளி தந்த ஆற்றலில் எழும்பிய எலக்ட்ரான் அங்கிருந்து படிகத்துக்குள் தாவிவிடும். அதற்குமேல் நடப்பதெல்லாம் முன்பு சொன்னதுதான். எலக்ட்ரான் தன்னுடையதா, சாயத்திலிருந்து வந்ததா என்பது படிகத்துக்குத் தெரியவே தெரியாது.

சிவப்பு மையில் கலக்கும் ஈயோசின் என்ற சாயம் இதற்கு நன்றாகப் பொருந்தியது. அது சேர்த்த தகடுகளுக்கு ஆர்த்தோகுரோமாட்டிக் என்று பெயர். நீலத்தோடு பச்சையும் ஓரளவு மஞ்சளும் அவற்றுக்குத் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்பையும் பார்க்கும் பான்குரோமாட்டிக் தகடுகளை 1906-ல் இங்கிலாந்தின் ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வேண்டிய சாயங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன.

1914-ல் போர் வந்ததும் அந்த வரத்து நின்றது. வானத்திலிருந்து உளவுப் படம் எடுக்க பான்குரோமாட்டிக் தகடுதான் நல்லது. காற்றில் மிதக்கும் மங்கல் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். சிவப்பு அதை ஊடுருவி வரும். கேம்பிரிட்ஜில் வில்லியம் போப், வில்லியம் மில்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அந்தச் சாயங்களைத் தங்கள் ஆய்வகத்திலேயே தயாரித்துக் கொடுத்தார்கள். சாய மூலக்கூறுகளின் அமைப்பை ஆராய்வதால் நாட்டுக்கு என்ன லாபம் என்று 1913-ல் ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால் உருப்படியான பதில் சொல்லியிருக்க முடியாது. உடனடிப் பயன் என்ன என்ற ஒரே கேள்வியை வைத்து அடிப்படை ஆய்வுக்கான பணத்தை வெட்டுபவர்களிடம் நான் மீண்டும் மீண்டும் சொல்லும் உதாரணம் இது. தேவை வந்த பிறகு வேதியியலாளரை வளர்க்க முடியாது.

ஆனால் நமக்குக் கிடைக்கும் தரைப்படங்கள், வீரர்கள் பாக்கெட்டில் வைத்திருந்த சிறு கேமராக்களில் எடுத்தவை உட்பட, பெரும்பாலும் சிவப்பு தெரியாத பிலிமில் எடுத்தவை. அதனால் ஒரு படம் கைக்கு வந்ததும் மாடலர்கள் முதலில் தேடுவது வட்டச் சின்னத்தைத்தான். அதன் மூன்று நிறங்களும் நமக்குத் தெரியும், ஆகவே அது படத்துக்குள்ளேயே இருக்கும் அளவுகோல். நீலம் வெளிறி, சிவப்பு கறுத்திருந்தால் சிவப்பு தெரியாத பிலிம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக இருந்தால் பான்குரோமாட்டிக் என்றோ, லென்ஸின் முன் மஞ்சள் வடிகட்டி மாட்டியிருந்தார்கள் என்றோ யோசிக்கலாம். பிறகு தெரியாத நிறத்தின் சாம்பலை இதோடு ஒப்பிட வேண்டும். இந்த முறை "இது சிவப்பு" என்று சொல்லாது. "இது வெளிர்நீலமாக இருக்க முடியாது" என்று அடித்துச் சொல்லும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

மீதிக்குத் துணியும் காகிதமும் கைகொடுக்கும். சிவப்பு விமானத்துக்குப் பெயர்போன ஜெர்மன் போர் விமானி மான்ஃபிரெட் வான் ரிக்தோஃபென் 1918 ஏப்ரல் 21 அன்று சுடப்பட்டு விழுந்தபோது அவருடைய டிஆர்.1 விமானத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை ஆளுக்கொரு துண்டாகக் கிழித்துக்கொண்டு போனார்கள். ஒரு துண்டு இன்றும் டொரான்டோவில் ராயல் கனடியன் மிலிட்டரி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானங்களின் மேற்பரப்பில் பூசிய பிசி10 என்ற பூச்சின் கலவையும் நமக்குத் தெரியும்: மஞ்சள் காவியும் விளக்குக் கரியும். இரண்டும் சேர்ந்தால் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு மங்கல் நிறம் வரும். கொல்கத்தாவில் பிறந்த போர் விமானி இந்திரலால் ராய் 1918 ஜூலையில் பறந்த எஸ்.இ.5ஏ வகை பிரிட்டிஷ் விமானத்தைச் செய்பவர்கள், அது எவ்வளவு பச்சை, எவ்வளவு பழுப்பு என்று கடுமையாக விவாதிப்பார்கள். பூசிய தொகுதி, கலந்த பசை, வெயில் எல்லாம் நிறத்தை மாற்றும் என்பதால் இரு தரப்பும் சரியாக இருக்கலாம்.

இப்போது பழைய படத்தைக் கொடுத்தால் நொடியில் வண்ணம் பூசித் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றை நம்பி மாடலுக்கு நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள். சிவப்பு, கரும்பச்சை, கறுப்பு மூன்றும் ஒரே சாம்பலாக விழுந்த பிறகு எது எது என்ற தகவல் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. இல்லாததை எந்தக் கணினியும் மீட்க முடியாது. வேறு படங்களில் பார்த்ததை வைத்து நிரப்பத்தான் முடியும். அதை வரலாறு என்று பகிர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எதிர்த்திசையில் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். பெயின்ட் அடித்த மாடலைச் செல்பேசியில் படம் எடுத்து, படத்திருத்தச் செயலியில் சிவப்பு அலைவரிசையைச் சுத்தமாக நீக்கி, நீலத்தை முழுதாகவும் பச்சையைக் கொஞ்சமாகவும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். 1917-ன் பிலிம் பார்த்ததற்கு ஓரளவு நெருங்கிய தோற்றம் கிடைக்கும். அதை உண்மையான படத்தோடு வைத்து ஒப்பிடலாம்.

ஜெர்மன் விமானி வெர்னர் வோஸ் ஓட்டிய, டிஆர்.1-க்கு முன்னோடியான ஃபோக்கர் எஃப்.1 103/17-க்கு இதைச் செய்து பார்த்தேன். என்ஜின் மூடியில் கண்ணும் மீசையுமாக ஒரு முகம் வரைந்திருக்கும் விமானம் அது. அந்த மூடி அவருடைய யாஸ்டா 10 என்ற விமானப் படைப்பிரிவின் மஞ்சளா, தொழிற்சாலையில் அடித்த மங்கிய பச்சையா என்பது மாடலர்களிடையே நெடுநாள் வழக்கு. நீல அலைவரிசையை மட்டும் வைத்தால் மஞ்சளும் கறுக்கிறது, பச்சையும் கறுக்கிறது, வித்தியாசமே இல்லை. பச்சை அலைவரிசையைச் சேர்க்கச் சேர்க்க மஞ்சள் மட்டும் வெளுக்கத் தொடங்குகிறது. ஆக, படம் எடுத்த தகட்டில் ஈயோசின் போன்ற சாயம் எவ்வளவு வேலை செய்தது என்று தெரிந்தால் வழக்கு முடிந்துவிடும். அது தெரியும்வரை என் மேசையில் இருப்பதற்குப் படைப்பிரிவின் மஞ்சள்தான்.